மனப்பாட ஜெபம் ஜெபமாகுமா?

அத்திமரம்:
போன ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துகொள்ளும் திருவிருந்து ஆராதனையில் ஒன்றைப் பார்த்தேன். எங்கள் சபையில் அண்ணன் தம்பி இரண்டு பேர், சொத்துத் தகராறில் பேச்சை நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது. அன்றைக்குப் பக்கத்தில் பக்கத்தில் முழங்காற்படியிட நேர்ந்தது. தம்பி குடித்த பிறகு ஆயர் பாத்திரத்தைத் துடைத்துத் திருப்பித்தான் கொடுத்தார். அண்ணன் அதைத் தன் கையால் இன்னும் கொஞ்சம் திருப்பி, தம்பியின் வாய் படாத ஓரமாகப் பார்த்துக் குடித்தார். அப்புறம் இரண்டு பேரும் "ஆமென்" என்றார்கள்.

அன்றிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. உதட்டால் என்னைக் கனம்பண்ணுகிறார்கள், இருதயமோ தூரத்தில் இருக்கிறது என்று ஏசாயா 29-இல் வருகிறது. பரிசேயரிடம் இயேசுவும் அதையேதான் எடுத்துச் சொன்னார். புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிற ஆராதனை, எண்ணி முடிக்கிற ஜெபம், இதெல்லாம் நம் இருதயத்தை மறைக்கத்தான் உதவுகிறதா? புத்தகத்தை மூடிவிட்டு மனதில் உள்ளதைச் சொன்னால் என்ன?

ஊசித்துவாரம்:
இதே கேள்வியோடுதான் பதினைந்து வருடம் முன்பு நான் பழைய சபையை விட்டு வெளியே வந்தேன். பிதாவை ஆவியோடும் உண்மையோடும் தொழுதுகொள்ள வேண்டும் என்று யோவான் 4 சொல்கிறது. எந்த மலை, எந்த ஆலயம் என்று சமாரியப் பெண் கேட்டதற்கு வந்த பதில் அது. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் ஞானஸ்நானமோ திருவிருந்தோ இல்லாமல், மௌனமாக உட்கார்ந்தே முன்னூறு வருடத்துக்கு மேல் ஆராதித்து வருகிறார்கள். அவர்கள் தேவனை அறியாதவர்களா? சடங்கைச் சரியாகச் செய்தால் அருள் தானாக வந்துவிடும் என்ற எண்ணம்தான் வேர். "போனேன், முடித்தேன்" என்று மனுஷன் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறான்.

திரிவிளக்கு:
நான் கத்தோலிக்கப் பெண். "தானாக வந்துவிடும்" என்று எங்கள் திருச்சபை சொல்வதில்லை, சகோதரரே. எங்கள் ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் 1547-இல் பேசியபோதே, தடை போடாதவர்களுக்கு அருள் கிடைக்கும் என்றுதான் சொன்னது. மனதில் பகையை வைத்துக்கொண்டு வருகிறவன் தானே தடை போடுகிறான். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் திருவழிபாட்டில் விதிகளைக் கடைப்பிடிப்பது மட்டும் போதாது, மக்கள் உணர்ந்து பங்கேற்க வேண்டும் என்றது.

சரி, சங்கங்களை விடுங்கள். என் கணவர் இறந்த பிறகு ஏழு மாதம் என்னால் சொந்தமாக ஒரு வார்த்தை செபிக்க முடியவில்லை. வாயைத் திறந்தால் "ஏன்" என்பது மட்டும்தான் வரும். அதற்கு மேல் ஒன்றும் வராது. செபமாலை மட்டும் கையில் இருந்தது. விரல் ஒரு மணியிலிருந்து அடுத்த மணிக்கு நகரும், மனசு அந்த மருத்துவமனை வராந்தாவிலேயே நின்றுகொண்டிருக்கும். நீங்கள் அப்போது என்னைப் பார்த்திருந்தால் உதடு மட்டும் அசைகிறது என்று சொல்லியிருப்பீர்கள். உண்மைதான். ஆனால் என்னிடம் மிச்சம் இருந்தது அந்த உதடு மட்டும்தான். அதைக் கொடுத்தேன்.

ஊசித்துவாரம்:
உங்கள் துக்கத்துக்கு முன்னால் வாதம் செய்ய எனக்கு மனம் இல்லை, சகோதரி. அந்த ஜெபம் கேட்கப்படவில்லை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்று மத்தேயு 6-இல் கர்த்தர் சொன்னாரே, அதை என்ன செய்வது?

திரிவிளக்கு:
அதைச் சொன்ன கையோடுதான் "பரலோகத்திலிருக்கிற எங்கள் தந்தையே" என்று ஒரு செபத்தையும் வாயில் வைத்துக் கொடுத்தார். பிடிபடுவதற்கு முந்தி கெத்சமனி தோட்டத்தில் மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி வேண்டினார் என்று மத்தேயு 26 சொல்கிறது. திரும்பச் சொல்வதே வீண் என்றால் அந்த இரவை எப்படிப் புரிந்துகொள்வது?

கடைசிவரிசை:
ஊசித்துவாரம் அண்ணா, நானும் உங்களைப் போன்ற சபையில்தான் பதினோரு வருடம் பாடகர் குழுவில் இருந்தேன். எங்களிடம் புத்தகம் கிடையாது. ஆனால் இரண்டாவது பாட்டு முடிந்ததும் கீபோர்டு மெதுவாக இழையும், விளக்கைக் குறைப்பார்கள், எல்லாக் கையும் மேலே போகும், எனக்குக் கண்ணீர் வரும். வாராவாரம் அதே இடத்தில், அதே நேரத்தில். ஒருநாள் மின்சாரம் போய் கீபோர்டு நின்றது. என் கண்ணீரும் நின்றுவிட்டது. அன்றைக்கு எனக்குப் பயமாக இருந்தது.

பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தன்னை அதிகமாக அசைத்துவிட்டால் அது பாவம் என்று பழைய திருச்சபை ஆயரான அகுஸ்தீன் தன் "வாக்குமூலம்" என்ற நூலில் வருந்துகிறார். நெஞ்சு உருகுவதும் வெளிச்சடங்காக ஆகிவிட முடியும். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியைப் பாருங்கள். 1738 மே 24 அன்று இருதயம் அனல்கொண்டது என்று எழுதியவர், அதன் பிறகும் திருவிருந்துக்கு அடிக்கடி போவதை விடவில்லை. மற்றவர்களையும் போகச் சொன்னார்.

ஊசித்துவாரம்:
மின்சாரம் போன கதை என்னை நிஜமாகவே தொட்டது, தம்பி. எங்களிடமும் அது உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சங்கீதம் 51 நொறுங்குண்ட ஆவியைத்தானே கேட்கிறது, பலியை அல்லவே.

திரிவிளக்கு:
கடைசி வசனம் வரை வாசியுங்கள். பீடத்தின்மேல் காளைகளைப் பலியிடுவார்கள், அப்போது கடவுள் பிரியப்படுவார் என்றுதான் அந்தச் சங்கீதம் முடிகிறது. இருதயம் நொறுங்கிய பிறகு பலி திரும்பி வருகிறது.

அத்திமரம்:
எல்லாருடைய பதிலையும் இரண்டு தடவை வாசித்தேன். பீடத்தில் காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டு என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் இருக்கிறது. "பின்பு வந்து காணிக்கையைச் செலுத்து" என்று அடுத்த வரியும் இருக்கிறது. காணிக்கையைத் தூக்கி எறி என்று அவர் சொல்லவில்லை. இத்தனை நாள் அந்தப் "பின்பு வந்து" என் கண்ணில் படவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்றைக்கு அப்பம் என் கைக்கு வந்தபோதும் நான் அந்த இரண்டு பேரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமென் சொன்னேனா என்றுகூட நினைவில்லை. அந்த அண்ணன் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட நான் அவரிடம் இதைப் பற்றிப் பேசியதில்லை. புதன்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போகிறேன்.

திரிவிளக்கு:
எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். அந்த நேரத்தில் நான் செபமாலை சொல்கிறேன்.

ஊசித்துவாரம்:
எனக்கும் நேரத்தைச் சொல்லுங்கள்.