தோஹாவில் வேலை மாற வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்
தோஹா நண்பர்களே, என் அறையில் தங்கியிருக்கும் நேபாளத் தம்பி ஒருவருக்காகக் கேட்கிறேன். தனுஷா மாவட்டத்துக்காரர், விசாவும் டிக்கெட்டும் முதலாளி செலவு என்று 2015-லேயே நேபாள அரசு விதி போட்டும் ஏஜென்டுக்கு வட்டிக்கு வாங்கிக் கொடுத்துத்தான் வந்திருக்கிறார், தங்கையைப் படிக்க வைக்கணும் என்பதுதான் அவர் நினைப்பெல்லாம். இப்போது மூன்று மாதமாகச் சம்பளமே இல்லை, பாஸ்போர்ட்டும் கம்பெனியிடம்.

கத்தாரில் 2020-லிருந்து முதலாளியின் என்ஓசி (ஆட்சேபனை இல்லை என்ற கடிதம்) இல்லாமலே வேலை மாறலாம் என்று சட்டம் இருக்கிறது, சரி, ஆனால் புகார் கொடுத்தால் ஓடிப்போனவன் என்று கேஸ் போட்டுவிடுவார்களோ என்று நடுங்குகிறார், அந்தப் பயம் நியாயமானதுதான். தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் கொடுத்து வேலை மாறியவர்கள் இருந்தால் எதை முதலில் செய்தீர்கள், என்னென்ன காகிதம் கேட்டார்கள் என்று சொல்லுங்கள். அப்புறம், அவர் பேசும் மைதிலி மொழி தெரிந்த யாராவது கூட வர முடியுமா? வெள்ளிக்கிழமை தவிர எந்த நாளானாலும் சரி.