குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தினால் சின்ன ஓட்டல்கள் தாங்குமா? கணக்கோடு சொல்லுங்கள்

கேள்வி: கல்லாக் கணக்கு, வேளச்சேரி

உயர்த்தியே ஆக வேண்டும் என்கின்றன சங்கங்கள். உயர்த்தினால் சின்னக் கடைகளை மூட வேண்டியதுதான் என்கிறார்கள் உரிமையாளர்கள். இரண்டு பக்கமும் தொகையைச் சொல்கிறார்களே ஒழிய யாரும் கணக்குக் காட்டுவதில்லை.

எட்டுப் பேர் வேலை பார்க்கும், மாதம் 6 லட்சம் ரூபாய்க்கு விற்கும் ஒரு டிபன் மெஸ்ஸை எடுத்துக்கொள்வோம். பாத்திரம் கழுவுபவர், சப்ளையர் என ஐந்து பேருக்கு 12,000. மாஸ்டர்கள் மூன்று பேருக்கு 20,000. 15 சதவீதம் உயர்ந்தால் 40 ரூபாய் தோசை எவ்வளவு ஆகும்? ஆட்களுக்குப் போடும் சாப்பாட்டைச் சம்பளத்தில் சேர்க்கலாமா? அரசு எதை வைத்து இந்தத் தொகையை முடிவு செய்கிறது?

பதில் 1: பஞ்சப்படி

கடைசிக் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் ஓட்டல், கட்டுமானம், செக்யூரிட்டி என்று தொழில்வாரியாக அறிவிக்கை வரும். தொகையில் இரண்டு பகுதி: அடிப்படை ஊதியம், விலைவாசிக்கு ஏற்ப மாறும் பஞ்சப்படி. அடிப்படையை ஐந்து வருடத்துக்கு மிகாமல் திருத்த வேண்டும் என்று 1948 குறைந்தபட்ச ஊதியச் சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டமும் அதையே சொல்கிறது. பஞ்சப்படி ஒவ்வொரு ஏப்ரல் 1 அன்றும் மாறும். முந்தைய வருட ஜனவரி முதல் டிசம்பர் வரைக்குமான சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டின் சராசரியை எடுத்து, ஏறிய புள்ளி ஒன்றுக்கு இத்தனை ரூபாய் என்று போடுவார்கள்.

இதில் உள்ள தாமதத்தைக் கவனியுங்கள். 2026 மார்ச் சம்பளத்தில் இருக்கும் பஞ்சப்படி, 2024 விலைவாசியை வைத்துப் போட்டது. அதற்குப் பிறகு ஏறிய வாடகையும் கேஸ் விலையும் தொழிலாளி தலையில். மத்திய அரசின் வரம்பில் வரும் ரயில்வே, துறைமுகம் போன்ற இடங்களில் ஏப்ரல், அக்டோபர் என்று வருடத்துக்கு இரண்டு முறை திருத்துகிறார்கள். இங்கும் அப்படிச் செய்ய முடியாது என்பதற்குக் காரணமே இல்லை.

ஆகவே பஞ்சப்படி ஏறுவதைச் சம்பள உயர்வு என்று சொல்லாதீர்கள். விலைவாசி அரித்ததைத் திருப்பிக் கொடுப்பது அது. அடிப்படை திருத்தப்படும்போதுதான் உண்மையான உயர்வு. அதை இழுத்தடித்து ஒரேயடியாக ஏற்றுவதால்தான் முதலாளிகள் அலறுகிறார்கள்.

அடிப்படைக்கு அளவுகோல் 1957-ல் 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு வகுத்தது: சம்பாதிப்பவர் ஒருவருக்கு மூன்று நுகர்வு அலகு (ஒரு அலகு என்பது ஒரு பெரியவரின் தேவை), ஒரு அலகுக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு வருடம் 72 கெஜம் துணி, வீட்டு வாடகை தனி, எரிபொருள், விளக்கு, இதரச் செலவுகளுக்கு மொத்தக் குறைந்தபட்ச ஊதியத்தில் 20 சதவீதம். சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் போன ரெப்டகோஸ் பிரெட் வழக்கில் 1991-ல் இன்னொரு 25 சதவீதம் சேர்ந்தது. பிள்ளைகள் படிப்பு, மருத்துவம், திருவிழா, முதுமை, கல்யாணம் இவற்றுக்காக. மத்திய அரசு அமைத்த அனூப் சத்பதி குழு 2019-ல் அலகை 3.6 ஆக்கிக் கணக்குப் போட்டு நாளொன்றுக்கு 375 ரூபாய் என்றது. அதே வருடம் தேசியத் தரைமட்ட ஊதியம் (எந்த மாநிலமும் இதற்குக் கீழே போகக் கூடாது என்று மத்திய அரசு சொல்லும் நாள் ஊதியம்) 176 ரூபாயிலிருந்து 178 ஆனது. இரண்டே ரூபாய். அளவுகோல் இருந்தும் அதன்படி அளக்கவில்லை என்பதுதான் என் வாதம்.

பதில் 2: அடக்கவிலை

மெஸ் கணக்குக்கு வருகிறேன்.

மொத்தச் சம்பளம் 60,000 + 60,000 = 1,20,000. விற்பனையில் 20 சதவீதம். எட்டுப் பேருக்கும் 15 சதவீதம் ஏறினால் கூடுதல் 18,000, அதாவது விற்பனையில் 3 சதவீதம். தோசை 41 ரூபாய் 20 காசு.

ஆனால் குறைந்தபட்ச ஊதியம் எட்டுப் பேரையும் தொடாது. கீழே இருக்கும் ஐந்து பேருக்கு 1,800 வீதம் 9,000 ஏறும். மாஸ்டர்களுக்குச் சட்டப்படி எதுவும் ஏறாவிட்டாலும், சப்ளையருக்கும் மாஸ்டருக்கும் இருந்த 8,000 இடைவெளி 6,200 ஆகச் சுருங்கும். அதைப் பார்த்துக்கொண்டு மாஸ்டர் சும்மா இருக்க மாட்டார், பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். ஆளுக்கு 1,000 கொடுத்தால் 3,000. மொத்தம் 12,000, விற்பனையில் 2 சதவீதம். தோசை 40 ரூபாய் 80 காசு.

80 காசுக்குப் பயந்து கடை மூடுவதில்லை. பிரச்சினை எங்கே வருகிறது என்றால், 40.80 என்று போர்டில் எழுத முடியாது. நேரே 45 ஆக்கினால் 12.5 சதவீத ஏற்றம், வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். இட்லி, காபி விலையைத் தொடக்கூடாது, ஆட்கள் அதை வைத்துத்தான் ஒரு கடையை இன்னொன்றோடு ஒப்பிடுகிறார்கள். விற்பனையில் கால் பங்கு தரும் ஸ்பெஷல் ஐட்டங்களை மட்டும், 1,50,000 ரூபாய்க்கு விற்பதை, 8 சதவீதம் ஏற்றினால் அந்த 12,000 வந்துவிடும். கொஞ்சம் விற்பனை குறையும் என்று வைத்து 9 அல்லது 10 சதவீதம் ஏற்றுங்கள்.

சாப்பாடு: புதிய சட்டத்தில் ஊதியம் என்பதன் விளக்கத்தில், பணத்துக்கு ஈடாகப் பொருளாகக் கொடுப்பதை மொத்த ஊதியத்தில் 15 சதவீதம் வரை ஊதியமாகக் கொள்ளலாம் என்று இருக்கிறது. 13,800-க்கு 2,070. சம்பளத்துக்கு ஈடாகக் கொடுத்தது என்பது முக்கியம், எழுத்தில் இருப்பது நல்லது. இத்தனை நாள் சும்மா போட்ட சாப்பாட்டுக்கு, உயர்வு வந்த மாதம் விலை போட்டுக் கழிப்பது சண்டையில்தான் முடியும்.

உண்மையில் சின்னக் கடைகளை நிறுத்துவது வேறு ஒன்று. பத்தாவது ஆள் சேர்ந்தால் இ.எஸ்.ஐ., முதலாளி பங்கு 3.25 சதவீதம். கிராஜுவிட்டியும் பத்தில் தொடங்குகிறது, மாதக் கணக்கில் சுமார் 4.8 சதவீதம். இருபதில் பி.எஃப்., நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் சேர்த்து 13 சதவீதம். கூட்டினால் 21 சதவீதம் தாண்டுகிறது, அதுவும் புதிதாக வந்தவருக்கு மட்டுமல்ல. ஒன்பது பேரோடு நின்றுவிடுவதும், ஒரே சமையலறைக்கு இரண்டு பெயரில் லைசென்ஸ் எடுப்பதும் இதனால்தான். ஊதிய உயர்வின் மேல் போடும் பழியில் பாதி இந்த ஆள் எண்ணிக்கை வரம்புகளுக்குச் சேர வேண்டியது.

பதில் 3: அம்பத்தூர் ஜாப் ஒர்க்

மெஸ் கணக்கை எல்லாத் தொழிலுக்கும் நீட்டாதீர்கள் சார். மெஸ்காரர் விலையை அவரே வைக்கிறார். தொழிற்பேட்டையில் லேத் வைத்திருப்பவருக்குப் பீஸ் ரேட்டை, அதாவது ஒரு உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியை, பெரிய கம்பெனி வைக்கிறது, அதுவும் வருட ஒப்பந்தம். நடுவில் ஏப்ரலில் பஞ்சப்படி ஏறினால் அது முழுக்க லாபத்திலிருந்து போகும். மெல்லிய லாபத்தில் ஓடும் பட்டறையில் 3 சதவீதம் என்பது பாதி லாபம்.

இதற்கு ஊதியத்தை அடக்கி வைப்பது தீர்வில்லை. பர்ச்சேஸ் ஆர்டரில் ஒரு வரி வேண்டும்: “அறிவிக்கப்பட்ட குறைந்தபட்ச ஊதியம் மாறினால் பீஸ் ரேட்டில் உள்ள கூலிப் பங்கு அதே விகிதத்தில் மாறும்.” ஸ்டீல் விலை ஏறினால் ரேட் மாற்றுகிறார்கள் அல்லவா? அதே மாதிரிதான். ரேட் கொடுக்கும்போதே மெட்டீரியல், கூலி, மெஷின் மணிநேரம் எனப் பிரித்துக் காட்டினால்தான் இந்த வரிக்கு அர்த்தம். மொத்தமாக ஒரு ரேட் எழுதிக் கொடுத்தால் பின்னால் எதைக் காட்டிக் கேட்பது?

பதில் 4: நைட் டூட்டி

இவ்வளவு பேசியும் வேலை நேரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சென்னை அப்பார்ட்மென்ட் வாசல்களில் செக்யூரிட்டி டூட்டி பெரும்பாலும் 12 மணி நேரம். குறைந்தபட்ச ஊதியம் என்பது 8 மணி நேரத்துக்கு.

எளிதாக இருக்க 13,000 என்று வைப்போம். 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 500, மணிக்கு 62.50. ஓவர்டைமுக்கு இரட்டிப்பு, 125. தினம் 4 மணி நேரம் கூடுதல் என்றால் 26 நாளில் 104 மணி. 104 × 125 = 13,000. அதாவது 12 மணி நேர டூட்டி போட்டால் சட்டப்படி வர வேண்டியது இரண்டு மாதச் சம்பளம், 26,000. கையில் 16,000 கொடுத்து “குறைந்தபட்சத்துக்கு மேலேயே தருகிறோம்” என்கிறார்கள். வார விடுப்பும் இல்லாமல் 30 நாள் வந்தால் 360 மணி நேரம், மணிக்கு 44 ரூபாய் 44 காசு. சாதாரண நேர வீதத்துக்கும் கீழே.

சங்கம் வைத்திருக்கும் குடியிருப்புக்காரர்களும் இதைப் படிக்க வேண்டும். இரண்டு ஆளை வைத்து 24 மணி நேரம் ஓட்டுவதற்குப் பதில் மூன்று ஆளை 8 மணி ஷிப்டில் வைத்தால் ஊதியம் 39,000. இரண்டு ஆளுக்குச் சட்டப்படி 52,000. இப்போது கொடுப்பது 32,000. (வார விடுப்புக்கு மாற்று ஆள் செலவு தனி.) இந்த 32,000-ஐ 39,000 ஆக்கினாலே ஒரு ஆளுக்கு வேலையும் கிடைக்கும், மற்ற இருவர் தூங்கவும் முடியும். ஆனால் அந்த இருவர் கைக்கு வருவது 16,000-லிருந்து 13,000 ஆகக் குறையும். அதனால் அவர்களே 12 மணி நேரம் கேட்பார்கள். மணிக்கு வரும் ஊதியம் ஏறாமல் 8 மணி ஷிப்ட் வராது. உயர்வு ஏன் வேண்டும் என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய காரணம் தெரியவில்லை.

கல்லாக் கணக்கு

நன்றி. குறைத்துக் கொடுத்தால் தொழிலாளி எங்கே போவது? கான்ட்ராக்டர் வழியாக வந்தவர் என்றால்?

பதில் 5: பஞ்சப்படி

தலைமை அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கும் தொழிலாளர் ஆணையரகம். தொழிலாளியோ, பதிவு பெற்ற சங்கமோ, ஆய்வாளரோ மனு போடலாம். பழைய சட்டத்தில் ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டும், இப்போது மூன்று வருடம். குறைந்த தொகையோடு அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடும் உத்தரவிடலாம். ஊதியம் கொடுத்தேன் என்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு.

மனு தோற்பது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, எந்தத் தொழில் அட்டவணை, எந்த வேலைப் பிரிவு என்று குறிப்பிடாமல் “சம்பளம் குறைவு” என்று மட்டும் எழுதுவது. இரண்டு, வேலை நேரத்துக்குச் சான்று இல்லாதது. வங்கிக் கணக்கு விவரம் சம்பளத்தைக் காட்டும், நேரத்தைக் காட்டாது. வருகைப் பதிவேட்டையோ ஷிப்ட் போட்ட வாட்ஸ்அப் செய்தியையோ மாதாமாதம் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

சம்பளச் சீட்டில் 7,000 அடிப்படை, 6,000 வீட்டு வாடகைப்படி என்று பிரித்திருந்தால், வாடகைப்படி ஊதியக் கணக்கில் வராது. 13,000 குறைந்தபட்சம் என்றால் அங்கே 6,000 பாக்கி.

கான்ட்ராக்டர் கொடுக்கவில்லை என்றால் வேலை வாங்கிய நிறுவனமே பாக்கிக்குப் பொறுப்பு. மனுவில் இரண்டு பேரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். கான்ட்ராக்டர் பெயரை மட்டும் போட்டால், ஒப்பந்தம் முடிந்து அவர் போன பிறகு நோட்டீஸ் “முகவரியில் ஆள் இல்லை” என்று திரும்பி வரும்.