மாசத்துக்கு நாலு சனி ஞாயிறு, நாலும் பெட்டி கட்டியே போகுது... வீட்ல எப்பங்க இருக்கறது?

மாவரைக்க_நேரமில்லை:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

நாங்க ரெண்டு பேரும் வேலைக்கு போறவங்க, வேளச்சேரில வாடகை வீடு, பையன் யூகேஜி. அவருக்கு சொந்த ஊர் மன்னார்குடி, எனக்கு அம்பாசமுத்திரம். கல்யாணமான புதுசுல பேசி வச்சது என்னன்னா மாசத்துல ஒரு வீக்கெண்ட் அவங்க வீடு, ஒண்ணு எங்க வீடு, மீதி ரெண்டு நமக்குன்னு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. அந்த மீதி ரெண்டுல ஒண்ணு அவரோட காலேஜ் கேங் கூட எங்கயாவது ட்ரிப், இன்னொண்ணு யாரோ ஒருத்தர் வீட்டு கிரகப்பிரவேசம் காதுகுத்து வளைகாப்புன்னு போயிடும். அஞ்சு சனிக்கிழமை வர்ற மாசம்னா எனக்கு தீபாவளி மாதிரி, அதையும் போன தடவை நாத்தனார் ஃபேமிலி வந்து எடுத்துக்கிட்டாங்க.

திங்கட்கிழமை காலைல எங்க வீட்டை நீங்க பாக்கணும். விடியறதுக்கு முன்னாடி தாம்பரத்துல இறங்கி, தூங்குற பையனை தோள்ல போட்டுக்கிட்டு, அத்தை குடுத்த தேங்காய் ஆறும் வத்தல் டப்பாவும் இருக்கற பையை அவர் தூக்க, ஆட்டோக்காரர்கிட்ட பேரம் பேசி வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தா ரெண்டு நாள் பூட்டி வச்ச வாடை குப்புனு அடிக்கும். ஃப்ரிட்ஜ்ல மாவு இருக்காது. இருந்தா அது பொங்கிப் புளிச்சு மூடியைத் தள்ளிக்கிட்டு நிக்கும். யூனிஃபார்ம் அயர்ன் பண்ணியிருக்காது. பையனுக்கு ப்ரெட்டை ஊட்டி ஸ்கூல் வேன்ல ஏத்துவேன், வேன் கிளம்பறதுக்குள்ள ஜன்னல்ல சாஞ்சு தூங்கிடுவான். நான் ஒன்பதரை மணி மீட்டிங்ல உக்காந்து கொட்டாவி விட்டுக்கிட்டு இருப்பேன்.

இப்ப விஷயத்துக்கு வரேன். ரெண்டு வாரம் முன்னாடி மன்னார்குடி டர்ன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்கு லேசா தலைவலி, உண்மையிலேயே லேசாதான், ஆனா நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டேன். அவர் பையனைக் கூட்டிட்டு கிளம்பிட்டார். ரெண்டு நாள் நான் மட்டும் வீட்ல. சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சேன், மத்தியானம் ஒரு ரசமும் அப்பளமும், ஃபேனைப் போட்டு நாலு மணி வரைக்கும் தூங்கினேன். ஞாயிறு அரிசி உளுந்து ஊறப்போட்டு கிரைண்டர்ல அரைச்சு, அந்தக் கல்லு சுத்துற சத்தம் கேட்டுக்கிட்டே பெட்ஷீட் எல்லாம் துவைச்சுப் போட்டேன். எங்கயும் போகல, ஒண்ணும் பண்ணல. இந்த வருஷத்துலயே நான் ரொம்ப சந்தோஷமா இருந்த ரெண்டு நாள் அதுதான், சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

அத்தை போன்ல "நல்லா ரெஸ்ட் எடுத்தியாம்மா"ன்னு கேட்டாங்க. அது அக்கறையா குத்தலான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல. எங்க அம்மாவுக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சு, "ஏட்டி, அங்க போகலன்னா இங்க வந்திருக்கலாம்லா"ங்காங்க. அவர்கிட்ட மாசத்துல ஒரு வீக்கெண்ட் சும்மா வீட்ல இருப்போமேன்னு கேட்டா "வாரம் பூரா வீட்லதானே இருக்கோம்"னு சொல்றார். ஊருக்குப் போறது பிடிக்காம இல்ல, சுத்தறதும் பிடிக்கும், ஆனா எல்லாமே அட்டெண்டன்ஸ் போடற மாதிரி ஆயிடுச்சு. நீங்கள்லாம் எப்படிப் பிரிச்சுக்கறீங்க? வீட்ல இருக்கணும்னு ஆசைப்படறது தப்பா?

ரயில்_பைத்தியம்:

தப்பா சரியான்னெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது சிஸ், ரயில் மட்டும்தான் தெரியும். உங்க பிரச்சனைல பாதி டிக்கெட் பிரச்சனை. 2024 நவம்பர்லேந்து முன்பதிவு 120 நாள்லேந்து 60 நாளாக் குறைஞ்சுபோச்சு, அதனால முன்ன மாதிரி மொத்தமா நாலு மாசத்துக்கு உக்காந்து போட முடியாது, நம்ம ஆளுங்க என்ன பண்றாங்கன்னா கடைசி நேரத்துல தட்கல்ல பாத்துக்கலாம்னு விட்டுட்டு முந்தின நாள் காலைல ஏசிக்கு பத்து மணி, ஸ்லீப்பருக்கு பதினொரு மணின்னு ஆஃபீஸ் வேலையை விட்டுட்டு ஓடிபிக்குத் தவம் கிடக்கறாங்க. காலண்டர்ல அறுபது நாள் முன்னாடி தேதிய வட்டம் போட்டு, அன்னிக்குக் காலைல எட்டு மணிக்கு எடுத்துடுங்க. டிக்கெட் கைல இல்லாத வீக்கெண்ட் எல்லாம் வீட்டு வீக்கெண்ட்னு வச்சுக்கங்க. யாராவது கூப்டா "டிக்கெட் கிடைக்கலீங்க", முடிஞ்சுது. இதுக்கு மேல நாகரிகமான பொய் தமிழ்நாட்டுலயே கிடையாது.

இன்னொண்ணு, உங்களுக்குன்னே விட்ட மாதிரி ஒரு வண்டி இருக்கு, யாரும் சொல்லலியா? தாம்பரம்-செங்கோட்டை, வாரத்துல மூணு நாள், 2023 ஏப்ரல்ல விட்டாங்க. அது நேரா மதுரை வழியா போகாது. மாயவரம், திருவாரூர், திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை, காரைக்குடின்னு டெல்டாவை ஒரு சுத்து சுத்திட்டு, அருப்புக்கோட்டை, திருநெல்வேலி வழியா அம்பாசமுத்திரம் போகும். திருத்துறைப்பூண்டிலேந்து மன்னார்குடிக்கு பஸ் இருக்கு. ஒரு லாங் வீக்கெண்ட் மாமியார் வீட்ல ரெண்டு நாள், அங்கேந்தே ஏறி அம்மா வீட்ல ரெண்டு நாள், அப்புறம் நெல்லைலேந்து சென்னை. ரெண்டு அட்டெண்டன்ஸும் ஒரே ட்ரிப்ல. எந்தக் கிழமை எத்தனை மணிங்கறத மட்டும் புக் பண்றப்ப பாத்துக்கங்க, அர்த்த ராத்திரில ஏற வேண்டி வரலாம்.

ஒத்த_ரூம்_வாசி:

போகாதீங்க. சிம்பிள்.

மாவரைக்க_நேரமில்லை:

கல்யாணம் ஆகலியா ப்ரோ?

ஒத்த_ரூம்_வாசி:

எப்படிக் கண்டுபிடிச்சீங்க 😅

உடன்குடி_கருப்பட்டி:

உங்க வீட்டுக்காரர் சைடுலேந்து ஒருத்தனாவது பேசணும்ல, நான் பேசுதேன். கோவிச்சுக்காதீங்க மேடம். நீங்க சொன்ன அந்த ரெண்டு நாள் சொர்க்கம் இருக்குல்லா, அதுல அவரும் பையனும் வீட்ல இல்ல. இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்? எங்க வீட்டு ஞாயித்துக்கிழமைய சொல்லுதேன். காலைல காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள பரண்ல இருந்து அந்த டப்பாவ எடுங்க, பாத்ரூம் குழாய் சொட்டுது ப்ளம்பரைக் கூப்பிடுங்க, ஒட்டடை அடிங்க, மளிகை லிஸ்ட்ல புளி விட்டுப்போச்சு மறுபடி போங்க. அவளுக்கு அது ரொட்டீன், மனசுக்கு நிம்மதி. எனக்கு அது ஏழாவது வேலைநாள். அதனாலதான் நான் எங்கயாவது ஓடிடுவோம்னு பிளான் போட்டுக்கிட்டே இருந்தேன், ஊர் சுத்தற ஆசைனு எல்லாரும் நினைச்சாங்க, அப்படி ஒண்ணும் கிடையாது.

அந்த ஓட்டமும் ஒரு நாள் முடிஞ்சுது. ஏலகிரி போனோம், சென்னைலேந்து ஒரு 230 கிலோமீட்டர். மேல ஏற பதினாலு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் புலவர் பேரு, வள்ளல் பேருன்னு வச்சிருக்காங்க. எங்க பொண்ணு கபிலர்ல ஆரம்பிச்சா, ஔவையார் வர்றதுக்குள்ள என் சட்டை பூரா வாந்தி. மேல போனா கார் நிறுத்த இடமில்ல, போட்டிங் க்யூ, ரூம்ல வெந்நீர் வரல. ஞாயிறு சாயங்காலம் வாலாஜா டோல்ல நிக்கும்போது பொண்டாட்டி ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டா, "இதுக்கு வீட்லயே இருந்திருக்கலாம்ல?" பதில் சொல்ல முடியல.

அதுக்கப்புறம் நைட் தங்கற ட்ரிப் வருஷத்துக்கு ரெண்டுதான். ஊட்டி கொடைக்கானலுக்கு 2024 மே மாசத்துலேந்து இ-பாஸ் வேற வந்துட்டதால நினைச்ச நேரத்துல கிளம்பறது தானாவே குறைஞ்சுபோச்சு, ஒரு வகைல நல்லதுதான். மீதி எல்லாம் அரை நாள். குளிர்காலம்னா வேடந்தாங்கல், இருட்டோட கிளம்பி பறவையெல்லாம் பாத்துட்டு பதினோரு மணிக்குள்ள வீடு. இல்லன்னா மாமல்லபுரம், வெயில் ஏறதுக்கு முன்னாடி. பழவேற்காடும் போனோம், வர்ற வழில மீன் வாங்கி மத்தியானம் வீட்ல குழம்பு. மாவும் அரைக்கலாம், ட்ரிப்பும் ஆச்சு. உங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டுப் பாருங்க, வீட்ல இருந்தா அவருக்கு என்ன லிஸ்ட் வரும்னு பயப்படறார்னு. அந்த லிஸ்ட்ட முதல்ல மறைச்சு வைங்க.

கடல்தாண்டி:

பெத்தவங்க இருக்கும்போதே போய்ப் பாத்துடுங்க. நான் இருக்கற ஊர்லேந்து நினைச்சா வர முடியாது. அப்புறம் வருத்தப்பட்டு பிரயோஜனம் இல்ல. தலைவலி, மாவு, பெட்ஷீட் எல்லாம் ஒரு காரணமா?

காவேரிக்கரை_ஆத்தா:

தம்பி, அப்படி பயமுறுத்திக் கூப்பிடாதப்பா, நாங்க இன்னும் நல்லாத்தான் இருக்கோம்.

அம்மாடி, நான் கும்பகோணம் பக்கம், வயசு அறுபத்தெட்டு. பேரன்தான் இதுல எப்படி எழுதறதுன்னு சொல்லிக் குடுத்தான். மைக்ல பேசுனா அதுவா எழுதிக்குது, தப்பு இருந்தா பொறுத்துக்க. எனக்கு ரெண்டு பசங்க, ஒருத்தன் சென்னை ஒருத்தன் கோயமுத்தூர். உன் மாமியார் சொல்லாதத நான் சொல்றேன், நீயும் யார்கிட்டயும் சொல்லாத.

நீங்க வெள்ளிக்கிழமை ராத்திரி ட்ரெயின் ஏறுறீங்க, எங்களுக்கு புதன்கிழமையே ஆரம்பிச்சிடும். மாடி ரூமைக் கூட்டணும், மெத்தையத் தூக்கி வெயில்ல போடணும், அத தூக்க ஆள் பாக்கணும். பேரனுக்கு போர் தண்ணி ஆகாது, கேன் சொல்லணும். மருமகளுக்குப் பிடிக்கும்னு வாழைப்பூ, பையனுக்குப் பிடிக்கும்னு கோலா உருண்டை. இட்லிக்கு மட்டும் நாலு படி ஊறப்போட்டு... உனக்கு மாவு அரைக்க நேரமில்ல, எனக்கு மாவு அரைச்சே மாளல. வந்து இறங்கினா மொத நாள் காலைல தூங்குவீங்க. சாயங்காலம் யாராவது சொந்தக்காரங்க வீடு. ஞாயித்துக்கிழமை மத்தியானமே பெட்டி கட்டணும். நடுவுல ஆளுக்கொரு போன். உக்காந்து பேசினது எவ்வளவு நேரம்னு பாத்தா அரை மணி இருக்குமா.

எங்க வீட்டுக்காரருக்கு ஏழரைக்கு டிபன், அதுக்கு முன்னாடி மாத்திரை, எட்டு மணிக்கு நியூஸ். பேரன் வந்தா டிவில ஏதோ நாய் பேசிக்கிட்டு இருக்கும், மனுஷன் வாயைத் திறக்காம பேப்பரையே ரெண்டு தடவை படிப்பார். எங்களுக்கும் ரொட்டீன் இருக்கும்மா. நீங்க ஏறின அன்னிக்கு ராத்திரி வீடு ஓன்னு இருக்கும், அழுகை வரும். கொஞ்ச நேரத்துல ரசஞ்சாதத்த சாப்பிட்டு காலை நீட்டிப் படுத்தா அப்பாடான்னும் இருக்கும். ரெண்டுமே உண்மை.

நான் என் பெரியவன்கிட்ட போன வருஷம் சொல்லிட்டேன். மாசா மாசம் ஓடி வராத, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வா, மூணு நாள் நாலு நாள் இரு. வர்றப்ப சமைக்கறது உன் பொண்டாட்டி ஒரு வேளை, நான் ஒரு வேளை, ஒரு வேளை கடைல. அவன் முகம் சுருங்கிப்போச்சு, அம்மா வேண்டாங்கறாளோன்னு. மருமக முகத்துல வந்த சிரிப்ப நான்தான் பாத்தேன். உன் மாமியார் கேட்டது அக்கறையாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன், பொறாமையாவும் இருந்திருக்கலாம், அவங்களுக்கு அன்னிக்கு ரெஸ்ட் இல்லல்ல.

உடன்குடி_கருப்பட்டி:

ஆத்தா 🙏 இத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எங்க ஃபேமிலி க்ரூப்ல போடலாமா?

காவேரிக்கரை_ஆத்தா:

போடு, ஆனா என் பசங்க இருக்கற க்ரூப்ல வந்துடாம பாத்துக்க.

மாவரைக்க_நேரமில்லை:

ஆத்தா நீங்க எழுதினத ரெண்டு தடவை படிச்சேன், பஸ்ல உக்காந்து கண்ணு கலங்கிடுச்சு, பக்கத்து சீட்டு அக்கா பாத்துட்டாங்க. கடல்தாண்டி சொன்னதுக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியல, அவர் நிலைமைல இருந்தா நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

அத்தைகிட்ட நேரா கேட்டுடலாம்னு நேத்து போன் பண்ணேன். வாய் வரல. இந்த வாட்டி உளுந்து சரியில்ல, மாவு பொங்கவே மாட்டேங்குதுன்னு ஆரம்பிச்சு பத்து நிமிஷம் அதையே பேசினோம். வைக்கும்போது அவங்களா "அடுத்த மாசம் வராட்டாலும் பரவால்லமா, எனக்கும் முட்டி வலி கொஞ்சம் இருக்கு"ன்னாங்க. என்னால ஒண்ணும் சொல்ல முடியல. மருந்து தேய்ச்சீங்களான்னு கேட்டு வச்சுட்டேன்.

இவர்கிட்ட லிஸ்ட் மேட்டர் கேட்டேன் கருப்பட்டி அண்ணா. சிரிச்சார். அப்புறம் "அந்தப் பரண் டப்பா மட்டும் வேண்டாம்"னார். ஆக அதான் போல. இந்த ஞாயிறு எங்கயும் போகல, பரணும் திறக்கல, அவர் மத்தியானம் கிரிக்கெட், நான் தூக்கம்னு டீல். பையன் என்ன பண்ணுவான்னு ரெண்டு பேரும் யோசிக்கவே இல்ல, அது ஞாயித்துக்கிழமைதான் தெரியும்.

அந்த தாம்பரம்-செங்கோட்டை வண்டிய லீவு வர்ற வாரத்துக்குப் பாத்தேன், திருத்துறைப்பூண்டிலேந்து அம்பைக்கு ஸ்லீப்பர்ல வெயிட்டிங் லிஸ்ட் 19. போடலாமா?

ரயில்_பைத்தியம்:

நடுவுல ஏறுற கோட்டாவுல வெயிட்டிங் சீக்கிரம் நகராது சிஸ். திருவாரூர்லேந்தே எடுத்து, போர்டிங் திருத்துறைப்பூண்டின்னு மாத்திப் பாருங்க. அதுலயும் இல்லன்னா... டிக்கெட் கிடைக்கலீங்க 😄