ஐ-20ல் 52.0201 என்று இருந்தால் ஸ்டெம் நீட்டிப்பு கிடைக்குமா?

கோவை_ஈசிஇ (கேள்வி):
அமெரிக்காவில் எம்பிஏ, கான்சன்ட்ரேஷன் பிசினஸ் அனலிடிக்ஸ். மே மாதம் முடிகிறது. ஐ-20ன் (மாணவர் விசாவுக்குப் பல்கலைக்கழகம் தரும் சான்று) முதல் பக்கத்தில் மேஜர் 1 என்ற இடத்தில் 52.0201 என்ற சிஐபி கோட் (படிப்புகளை வகைப்படுத்தும் எண்) இருக்கிறது. இது ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இல்லை. அதே டிபார்ட்மென்டில் எம்எஸ் பிசினஸ் அனலிடிக்ஸ் படிப்பவர்களுக்கு 30.7102, அது பட்டியலில் இருக்கிறது. பாதிப் பாடங்கள் இரண்டுக்கும் பொது. கோட் நம்பரை மாற்றச் சொன்னால் டிஎஸ்ஓ (வெளிநாட்டு மாணவர் விசா விஷயங்களைப் பார்க்கும் பல்கலைக்கழக அதிகாரி) முடியாது என்கிறார். ஊரில் முடித்த பி.இ. ஈசிஇ இருக்கிறதே, அதை வைத்தாவது ஓபிடிக்கு (படிப்பு முடிந்ததும் கிடைக்கும் 12 மாத வேலை அனுமதி) ஸ்டெம் பட்டதாரிகளுக்கான 24 மாத நீட்டிப்பு கேட்கலாமா?

தாள்புலி:
டிஎஸ்ஓ சொல்வது சரி. கோட் எது என்று முடிவு செய்வது பல்கலைக்கழகம், அவர் அதை செவிஸில் (அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவேடு) ஏற்றுபவர் மட்டும்தான். அவரோடு மல்லுக்கு நிற்காமல் ரெஜிஸ்ட்ராருக்கு ஒரு மெயில் போடுங்க: "என் புரோகிராம் எந்த ஆறு இலக்க சிஐபி கோடில் பதிவாகியிருக்கிறது?" அவ்வளவுதான். ஸ்டெம், விசா என்ற பேச்சே அதில் வேண்டாம். எடுத்தால் மெயிலை அப்படியே டிஎஸ்ஓ ஆபீசுக்குத் தள்ளிவிடுவார்கள்.

உதாரணத்துக்கு ஸ்டெம் பட்டியலில் உள்ள 52.1301, அதாவது மேனேஜ்மென்ட் சயின்ஸ், என்று பதில் வந்தால் உங்கள் ஐ-20ல்தான் பிழை. அந்த மெயிலைக் காட்டி டிஎஸ்ஓவிடம் திருத்தம் கேட்கலாம். 52.0201 என்றே வந்தால் அது பிழை இல்லை, பல்கலைக்கழகமே வைத்த வகைப்பாடு. கான்சன்ட்ரேஷனும் மைனரும் அதை மாற்றாது. டிரான்ஸ்கிரிப்ட் முழுக்க அனலிடிக்ஸ் பாடமாக இருந்தாலும் பயனில்லை. யுஎஸ்சிஐஎஸ் (விண்ணப்பத்தை முடிவு செய்யும் குடியேற்றத் துறை) பார்ப்பது கோட் நம்பரைத்தான்.

மணி_டெக்சாஸ்:
பி.இ. விஷயத்தை மறந்துவிடுங்க. பழைய பட்டத்தை வைத்து நீட்டிப்பு கேட்க வழி உண்டு, ஆனால் அது அங்கீகாரம் பெற்ற அமெரிக்கக் கல்வி நிறுவனம் கொடுத்த பட்டமாக இருக்கணும், 10 வருடத்துக்குள் வாங்கியிருக்கணும், வேலையும் அந்தப் படிப்போடு தொடர்புடையதாக இருக்கணும். கோயம்புத்தூர் பட்டம் முதல் நிபந்தனையிலேயே விழுந்துவிடும்.

கோவை_ஈசிஇ:
ரெஜிஸ்ட்ரார் பதில் வந்தது, 52.0201தான். ஆனால் இங்கேயே 52.1301ல் தனியாக ஒரு எம்பிஏ டிராக் இருக்கிறதாம், இன்னும் இரண்டு பாடம் எடுத்தால் மாறலாம் என்கிறார்கள். கிராஜுவேஷனுக்கு ஏற்கெனவே அப்ளை செய்தாயிற்று.

தாள்புலி:
அப்படியென்றால் கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது, ஆனால் வரிசை முக்கியம். முதலில் கிராஜுவேஷன் விண்ணப்பத்தை வாபஸ் வாங்குங்க. பட்டம் வழங்கிவிட்டால் பழைய கோடிலேயே உறைந்துவிடும், பிறகு டிராக் மாறுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அடுத்து புரோகிராம் மாற்றத்தை ரெஜிஸ்ட்ரார் பதிவில் ஏற்ற வையுங்க. அதன்பிறகே டிஎஸ்ஓவிடம் புது கோடும் புது முடிவுத் தேதியும் கேளுங்க. ஐ-20ல் இப்போது இருக்கும் முடிவுத் தேதிக்கு முன்பே படிப்புக்கால நீட்டிப்பு பதிவாகணும். மேஜர் மாற்றம் விதிமுறையில் ஏற்கப்பட்ட கல்விக் காரணம், அதையே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க. தேதி தாண்டினால் ஸ்டேட்டஸே போய்விடும். அது இந்த 24 மாதத்தை இழப்பதைவிடப் பெரிய தலைவலி.

மணி_டெக்சாஸ்:
ஒரு செமஸ்டர் கூடுதல் ஃபீஸ் தண்டமா என்று கேட்டால், என் கணக்கில் இல்லை. 12 மாத ஓபிடி மட்டும் என்றால் மார்ச்சில் நடக்கும் ஹெச்-1பி வேலை விசா லாட்டரிக்குப் பெரும்பாலும் ஒரு மார்ச்தான் கிடைக்கும். 36 மாதம் என்றால் மூன்று. ஆனால் கம்பெனி இ-வெரிஃபையில் (ஊழியரின் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் அரசு ஆன்லைன் முறை) இல்லாவிட்டால் கோடு சரியாக இருந்தும் பயனில்லை, ஆஃபர் வாங்கும்போதே கேட்டுவிடுங்க.

சுபா_ஐ765:
பின்னாடி சிக்கும் இடம் ஒன்று. டிஎஸ்ஓ செவிஸில் பரிந்துரை போட்ட நாளிலிருந்து முதல் ஓபிடிக்கு 30 நாள், ஸ்டெம் நீட்டிப்புக்கு 60 நாள். அதற்குள் ஐ-765 (வேலை அனுமதி விண்ணப்பம்) போய்ச் சேரணும். நீட்டிப்புக்கு ஓபிடி முடிய 90 நாள் இருக்கும்போதே அனுப்பலாம், முடிந்த மறுநாள் அனுப்பினால் செல்லாது. நேரத்தோடு அனுப்பியிருந்தால் முடிவு வரும்வரை, அதிகபட்சம் 180 நாள், வேலையைத் தொடரலாம். ஐ-983 என்ற பயிற்சித் திட்டப் படிவம் கம்பெனியில் கையெழுத்தாகி வர நாளாகும், முதலில் அதைத் தொடங்குங்க. அதில் எழுதும் வேலை விவரம் புது டிராக்கின் பாடங்களோடு ஒட்டணும்; "பிசினஸ் டெவலப்மென்ட்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் டிஎஸ்ஓவே திருப்பி அனுப்பிவிடுவார்.