போடுபுகையிலை: 'புகையற்ற புகையிலை'க்கு ஒரு மாற்று

வணக்கம் நண்பர்களே,

நாம் தமிழில் எழுதும் புகையிலைச் சட்டக் கையேட்டில் இன்னும் சொல் முடிவாகாமல் நிற்பது 'ஸ்மோக்லெஸ் டொபாக்கோ'வுக்குத்தான், அதாவது புகைக்காமல் வாயிலோ மூக்கிலோ இடும் புகையிலைக்கு. சுவரொட்டிகளில் ஏற்கெனவே 'புகையற்ற புகையிலை' என்று இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாம் என்று அண்ணன் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே சொல்லுக்குள் புகை வந்து புகை போவது கூடப் பரவாயில்லை, 'புகையில்லா', 'புகையற்ற' என்று நாம் எதற்கெல்லாம் சொல்கிறோம் என்று பாருங்கள்: புகையில்லா போகி, புகையற்ற அடுப்பு. எல்லாம் நல்லது, வீட்டுக்கும் ஊருக்கும் ஏற்றது. அதே அடைமொழியைக் கைனிக்கும் குட்காவுக்கும் மாட்டினால், சிகரெட்டை விட இது தேவலை என்று படிக்கிறவருக்குப் படாதா? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் தொகுதியிலேயே வைத்திருக்கிறது.

இன்னொன்று, நம் நாட்டில் இதுதான் பெரிய பங்கு. 2016-17 தேசியக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் புகைப்பவர்கள் 10.7 சதவீதம், இந்த வகையைப் பயன்படுத்துகிறவர்கள் 21.4 சதவீதம். ஆனால் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் பற்றிய 2003 சட்டத்தின் 4ஆம் பிரிவு பொது இடத்தில் புகைப்பதைத்தான் தடுக்கிறது, அபராதப் பலகையிலும் சிகரெட் படம்தான் இருக்கிறது. நடவுக்குப் போகும்போது இடுப்புச் சுருக்குப் பையில் பொயிலைத் துண்டு வைத்திருக்கும் ஒரு அக்காவுக்கு அந்தப் பலகையில் தன்னைப் பற்றி ஒரு வரி கூடக் கிடையாது. நாம் எழுதும் சொல்லாவது அவரைச் சுட்ட வேண்டும்.

சரி, இதுவரை வந்த மற்றச் சொற்கள். 'மெல்லும் புகையிலை' பொதுப்பெயராக நிற்காது. சட்டத்தின் அட்டவணையிலேயே மெல்லும் புகையிலை தனி இனம், மூக்குப்பொடி தனி, குட்கா தனி, புகையிலை கலந்த பற்பொடி தனி. ஓர் இனத்தின் பெயரையே மொத்தத்துக்கும் வைத்தால் நாளைக்கு ஒருவர் பொடிக்கு இந்த விதி பொருந்தாது என்று வாதாடலாம். கைனியைப் பெரும்பாலும் மெல்லுவதும் இல்லை, உதட்டுக்குள் அடக்கிக்கொள்கிறார்கள்.

'உண்ணும் புகையிலை' இன்னும் சிக்கல். 2013 மே மாதம் தமிழ்நாட்டில் குட்காவுக்குத் தடை வந்தது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், அதுவும் ஓராண்டுக்கு ஓராண்டு புதுப்பிக்கிற ஆணையாக. அப்படி வருடா வருடம் நீட்டி நிரந்தரத் தடை ஆக்க உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அதிகாரம் இல்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் 2023 ஜனவரியில் ரத்து செய்தது, ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை கொடுத்தது. புகையிலையை உணவு என்று கொள்ளலாமா என்ற வழக்கு பல நீதிமன்றங்களில் நடந்த வழக்கு. அதில் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் சொல்லை நாம் ஏன் உருவாக்க வேண்டும்?

'எரியாப் புகையிலை' அழகாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எரிக்காமல் சூடாக்கி ஆவியை இழுக்கும் கருவிகளும் உண்டு, 2019இல் மின்சிகரெட்டோடு சேர்த்து அவற்றையும் தடை செய்தார்கள். இரண்டும் குழம்பிவிடும்.

அப்புறம் 'தாம்பூலப் புகையிலை'. வேண்டவே வேண்டாம். வெற்றிலை கும்பகோணம், பாபநாசம், திருவையாறு பக்கம் கொடிக்கால் வைத்துப் பிழைக்கிறவர்களின் பயிர், கல்யாணத் தட்டில் வைக்கிற பொருள். அதன்மேல் இந்தப் பழியை ஏற்றக்கூடாது. (பாக்கை நான் விட்டுவிடவில்லை. அதையும் அந்த முகமை புற்றுநோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதற்குத் தனியாக எழுதுகிறேன்.)

என் சொல் போடுபுகையிலை. தஞ்சாவூர்ப் பக்கம் எந்த வெற்றிலைக் கடையிலும் நின்று கேளுங்கள். சிகரெட் பிடிக்கிறார், பீடி பிடிக்கிறார், சுருட்டு பிடிக்கிறார். ஆனால் பொயிலை போடுகிறார், கைனி போடுகிறார், பாக்கு போடுகிறார், பொடி கூடப் போடுகிறார். மூக்கில் ஏற்றும் பொடிக்கும் 'போடு'தான், வாயில் அடக்கும் துண்டுக்கும் 'போடு'தான். ஆங்கிலத்தில் 'இல்லை' என்று எதிர்மறையில் பிரித்ததை நம் ஊர்ப் பேச்சு ஒரு வினையிலேயே எப்போதோ பிரித்து வைத்திருக்கிறது. ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினைத்தொகை, ஒற்று மிகாது. எதிர் இனத்துக்குப் 'பிடிபுகையிலை' என்று வைத்துக்கொண்டால் இரண்டும் இணையாகப் போகும்.

'தம் போடுவது' என்றும் சொல்கிறார்களே என்று தோழர் கேட்டார். சொல்கிறார்கள், ஆனால் அங்கே போடுவது தம்மை. 'புகையிலை போடுகிறார்' என்றால் பீடி என்று யாரும் புரிந்துகொள்ள மாட்டார்கள். 'போடு' கொச்சை என்ற ஆட்சேபத்தை நான் ஏற்கவில்லை. கையெழுத்துப் போடுவதும் தடுப்பூசி போடுவதும் அரசு அறிவிப்புகளிலேயே வருகிறது.

வரையறையை இப்படி எழுதிப் பார்த்தேன்: 'போடுபுகையிலை என்பது, எரித்தோ சூடாக்கியோ புகையையோ ஆவியையோ உள்ளிழுக்காமல், வாயிலோ மூக்கிலோ இட்டுப் பயன்படுத்தும் எந்தப் புகையிலைப் பொருளும்.' பற்பொடியும் இதற்குள் வந்துவிடுகிறது.

இந்தச் சொல் எங்கே உதவும் என்றால், உதிரி விற்பனையில். 2016 ஏப்ரல் முதல் புகையிலைப் பொருள் உறையின் இருபுறமும் 85 சதவீதம் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும். ஆனால் வாழைநாரில் கட்டிய புகையிலையிலிருந்து கடைக்காரர் ஒரு துண்டு கிள்ளி, சுண்ணாம்பு தடவிய வெற்றிலையோடு நீட்டும்போது உறையே இல்லை, படமும் இல்லை. வாங்குகிறவர் கண்ணில் படக்கூடிய எச்சரிக்கை கடையில் தொங்கும் பலகை ஒன்றுதான். அதில் 'போடுபுகையிலை வாய்ப்புற்றுநோயை உண்டாக்கும்' என்று இருந்தால் தன் கையில் இருப்பதைத்தான் சொல்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும்.

கையேட்டில் முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'புகையற்ற புகையிலை எனப்படும் போடுபுகையிலை' என்று இரண்டையும் போட்டு, பிறகு புதுச் சொல்லை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. மறுப்பு இருந்தால் இந்த வரையறையில் எந்தப் பொருள் விடுபடுகிறது என்று பெயர் சொல்லி எழுதுங்கள், திருத்திவிடலாம்.