ஆலமரமும் ஏழடி கேட்டும்

வீட்டுக் குழு: வில்லியனூர் சொந்தங்கள்
சனி, காலை 7:40

நான்: (படம்) ஓட்டலுக்குச் செய்கிற சிமெண்ட் ஆலமரத்தின் கம்பிக்கூடு ஒருவழியாக நின்றுவிட்டது. 10 அடி உயரம். நடுவில் 4 அங்குலப் பைப், அதிலிருந்து பக்கவாட்டில் கிளைகளைப் பற்றவைத்திருக்கிறேன். இன்றைக்கு வலை சுற்றிவிட்டு நாளைக்குப் பூச்சு ஆரம்பம்

அக்கா: துணி மாட்டுகிற ஸ்டாண்டு மாதிரி இருக்கிறதுடா. ஆனாலும் சூப்பர் 😄

மாமா: வலை சுற்றாதே. கிளை ஒட்டுகிற இடத்தைக் கிட்டத்தில் எடுத்து அனுப்பு

நான்: (படம்)

மாமா: நினைத்தேன். பைப்பின் தோல்மேல் கிளையை ஒட்டவைத்திருக்கிறாய். வெறும் கம்பியாக இருக்கும்வரை நிற்கும், பூச்சு ஏறினால் என்ன ஆகும்? ஒரு சதுர அடியில் அரை அங்குலம் பூசினாலே கிட்டத்தட்ட 3 கிலோ, நீ ஓர் அங்குலம் போடாமல் பட்டை வராது. அந்த ஆறடிக் கிளைக்குச் சுற்றளவு ஒன்றரை அடி என்றால் 9 சதுர அடி, 50 கிலோ வந்துவிடும், அதுவும் அந்தரத்தில் தொங்குகிற எடை, அத்தனையும் இழுக்கப்போவது அந்த ஒரு வெல்டிங்கைத்தான்.

அப்பா: மச்சான் சொல்வது சரி. நாங்கள் சுதை வேலை செய்த காலத்தில் எந்தச் சாமிக்கும் கைக்கென்று தனியாகக் கம்பி ஒட்டியது கிடையாது. காலில் புறப்படுகிற கம்பி இடுப்பு வழியாகத் தோள் ஏறி விரல் நுனியில்தான் முடியும்

மாமா: அதேதான். 12 எம்எம் கம்பி 24 எடு, எல்லாம் அடியில் இருக்கிற பேஸ் பிளேட்டிலேயே ஆரம்பிக்கட்டும். வளையம் போட்டுக் கட்டாக மேலே கொண்டுபோய், கவட்டையில் 11 ஒரு பக்கம், 8 ஒரு பக்கம், 5 ஒரு பக்கம் என்று விலக்கு. அப்புறம் மூன்று, இரண்டு, நுனியில் ஒற்றைக் கம்பி. பிரியப் பிரிய மரம் தானாக மெலியும், நீ உருவம் தேடி அலைய வேண்டாம். கிளைகளின் பருமனை எல்லாம் சேர்த்தால் அடிமரத்தின் பருமன் வரும் என்று லியொனார்டோ டா வின்சியே எழுதி வைத்திருக்கிறார்

அக்கா: மாமாவுக்கு டா வின்சி எப்படிப் பழக்கம்?

மாமா: யூடியூப்

நான்: இன்னொரு விஷயம். ஓட்டல்காரர் நேற்று ஃபோன் செய்து கிளையில் ஊஞ்சல் மாட்ட முடியுமா என்றார். முடியும் என்று சொல்லிவிட்டேன்

அப்பா: யாரைக் கேட்டுச் சொன்னாய்?

மாமா: 70 கிலோ ஆள் நன்றாக வீசி ஆடினால் கீழே வரும்போது இரண்டு பங்கு இழுக்கும். செல்ஃபிக்கு நாலு பேர் ஏறுவார்கள், அதையும் வைத்துக்கொள். பூச்சில் முதலில் மயிரிழை போல விரிசல் விழும், அதில் உப்புக்காற்றும் மழைத்தண்ணீரும் இறங்கும், உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பிப் பூச்சைப் பெயர்த்துத் தள்ளும். கடலோர வீட்டுப் பால்கனிகளை நீ பார்த்ததே இல்லையா?

சித்தி: ஆலமரம்தானே, விழுது விட வேண்டியதுதானே

மாமா: அட!! ஊஞ்சல் கிளைக்கு அடியில் இரண்டு விழுது. உள்ளே 2 அங்குல ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசின இரும்பு), தரையில் ஆங்கர் போல்ட். பார்க்கிறவனுக்கு விழுது, நமக்குத் தூண். ஊஞ்சல் கொக்கி பூச்சைத் தொடவே கூடாது, கம்பிக்கட்டைச் சுற்றின இரும்புப் பட்டையில் வர வேண்டும். ஆரோவில் போய் மாத்ரிமந்திர் பக்கத்து ஆலமரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார், விழுது எங்கே இறங்குகிறது, எங்கே பருக்கிறது என்று பார். ஜி.ஐ. பைப்பில் பற்றவைக்கும் இடத்தில் மட்டும் துத்தநாகத்தைத் தேய்த்து எடுத்துவிடு, அந்தப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல்தான்

அம்மா: பால் குடித்தால் சரியாகிவிடும் என்பார்களே

அக்கா: பால் வயிற்றுக்குப் போகும்மா, புகை நுரையீரலுக்குப் போகிறது. மாஸ்க் வாங்கச் சொல்

அப்பா: இலை?

நான்: தகரத்தில், நல்ல அடர்த்தியாக

மாமா: 2011 டிசம்பர் 30 மறந்துபோச்சா? ‘தானே’ புயலுக்கு நிஜ மரமே சாய்ந்தது. புதுச்சேரியில் கட்டுமானக் கணக்குக்கு வினாடிக்கு 50 மீட்டர் காற்று எடுப்பார்கள், அது சதுர மீட்டருக்கு 150 கிலோ தள்ளும். அடர்த்தியாக வைத்தால் அது மரமில்லை, கப்பல் பாய். இடைவெளி விட்டு வை

அம்மா: எல்லாம் சரி. நம் கேட் 7 அடிதானே? படத்தில் மரம் அதைவிட அகலமாகத் தெரிகிறதே

காலை 8:31

நான்: படுக்கவைத்து எடுக்கலாம்

அப்பா: படுத்தாலும் கிளை விரிப்பு ஒன்பதடி. கேட்டைக் கழற்றலாம், தூணை யார் கழற்றுவது?

மாமா: சரி, பெரிய கிளை இரண்டையும் பிரிக்கிற மாதிரி செய். கம்பித் தொடர்ச்சி அறுபடும், மனசுக்கு ஒப்பவில்லை, வேறு வழியும் இல்லை. ஆனால் கவட்டையிலேயே வெட்டாதே, அங்கேதான் இழுப்பு அதிகம். இரண்டடி தள்ளி முகத்துக்கு முகம் பிளேட் வைத்துப் போல்ட் போடு, பின்னால் முக்கோணத் துண்டு வைத்துப் பற்றவை. அந்த இடத்துப் பூச்சு ஓட்டலில் போய்த்தான், மேலே ஒரு கணு மாதிரி செய்துவிட்டால் தெரியாது

நான்: அப்போ இந்தக் கூடு?

மாமா: அறுத்துவிடு

நான்: அட்வான்ஸில் பாதி கம்பிக்கே போய்விட்டது மாமா

அப்பா: ஊஞ்சலுக்குத் தனியாக ரேட் சொன்னாயா?

நான்: இல்லை

அப்பா: இப்போதே ஃபோன் போடு