பேராவூரணிப் பகுதியில் ஓர் ஊராட்சிக்கு இயற்கை இடர் மதிப்பீடு: எதை அளப்பது?

கேள்வி: கடைமடை உழவர்

அனைவருக்கும் வணக்கம். கல்லணைக் கால்வாயின் கடைமடையில் உள்ள எங்கள் ஊராட்சிக்கு இடர் மதிப்பீடு ஒன்றைத் தயாரித்துக் கிராம சபையில் வைக்க விரும்புகிறோம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. எங்கள் ஊர் கடலை ஒட்டியதன்று என்று நம்பியிருந்தோம். விடிந்தபோது எங்கள் தோப்பில் மூன்றே தென்னைகள் நின்றன. மாவட்ட இடர் வரைபடத்தில் ஊர் முழுவதும் ஒரே நிறமாக இருக்கிறது. தெருவாரியாக மதிப்பிட எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1: ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்

ஐயா, முதலில் ஊரின் நினைவைத் தேதியிட்டு எழுதுங்கள். 1952, 1977 நவம்பர்ப் புயல்களைக் கண்ட முதியவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். 2008இல் நிஷா புயலின்போது கடற்கரையில் இல்லாத ஒரத்தநாட்டில் ஒரே நாளில் சுமார் 66 செ.மீ. மழை பெய்தது என்பதையும் மறக்க வேண்டாம். அந்த வெள்ளம் எந்தத் திண்ணை வரை ஏறியது என்று கேட்டுச் சுவரில் சுண்ணாம்பால் குறியிட்டு, தரையிலிருந்து அளந்து, கிராம வரைபடத்தில் புல எண்ணோடு பதியுங்கள். உங்கள் பக்கம் அக்னியாறு, அம்புலியாறு போன்ற காட்டாறுகள் இருப்பதால், மேற்கே புதுக்கோட்டைப் பக்கம் பெய்யும் மழையையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஏரியின் கலங்கல் (நிரம்பிய நீர் வழிந்தோடும் அமைப்பு) வழியே வெளியேறும் நீர் எந்த வாய்க்காலில் இறங்குகிறது, அது எங்கே தூர்ந்து கிடக்கிறது என்பதை நடந்தே பாருங்கள்.

பதில் 2: ஊரகக் குடிநீர்ப் பொறியாளர்

மேலே சொன்னது அவசியமானது. ஆனால் நீர்மட்டக் குறியோடு நின்றுவிட்டால், கஜா கற்பித்த பாடம் விட்டுப்போகும். இடர் என்பது புயலின் வலிமை மட்டுமன்று. அதன் பாதையில் என்ன நிற்கிறது, விழுந்தது எத்தனை காலத்தில் மீளும் என்பவையும் சேர்ந்ததே. விழுந்த நெட்டைத் தென்னைக்குப் பதிலாக வைக்கும் கன்று காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும் என்பதால், தோப்பை நம்பிய குடும்பத்தின் இழப்பை மரக்கணக்கில் எழுதாமல் ஆண்டுக்கணக்கில் எழுத வேண்டும்.

அப்புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மின்சாரம் இல்லையென்றால் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஓடாது, மேல்நிலைத் தொட்டி நிறையாது. ஆகவே தொட்டியின் கொள்ளளவை மக்கள்தொகையாலும், பிறகு ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான நீரின் அளவாலும் வகுத்து, எத்தனை நாள் தாங்கும் என்று பாருங்கள். அந்த மோட்டாரை இயக்கும் திறனுள்ள ஜெனரேட்டர் எங்கே கிடைக்கும் என்பதையும் எழுதுங்கள். அண்டை ஊரை நம்பிவிடாதீர்கள், ஏனெனில் அன்று அவர்களுக்கும் அதே தேவை இருக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பலர் நிகழும் வாய்ப்புக்கும் விளைவுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இட்டுப் பெருக்குகிறார்கள். ஆண்டுதோறும் தெருவில் தேங்கும் மழைநீருக்கு 5 × 1, தலைமுறைக்கு ஒருமுறை வரும் பெரும்புயலுக்கு 1 × 5 என்றால், இரண்டுக்கும் விடை ஐந்தே. இரண்டும் ஒன்றல்ல என்பது உங்கள் தோப்பைப் பார்த்தாலே தெரியும். இரு எண்களையும் தனித்தனியே வையுங்கள்.

பதில் 3: மகளிர் குழு உறுப்பினர்

கூரை வீடுகள், ஓட்டு வீடுகள் எத்தனை என்று எண்ணும்போதே, தனியே வாழும் முதியவர்கள், நடக்க இயலாதவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் பாதுகாப்பு இடமாக அறிவிக்கப்பட்ட கட்டடத்தின் சாவி வெளியூரில் இருந்தவரிடம் இருந்ததால், நள்ளிரவில் குழந்தைகளோடு வாசலில் மழையில் நின்றோம். சாவி யாரிடம், அவர் இல்லையென்றால் யாரிடம் என்பதும் மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. தொட்டியின் கணக்கை இன்றே போட்டுப் பார்த்தேன். இரண்டு நாளுக்குக்கூட வரவில்லை. ஞாயிறன்று வடக்குத் தெருவிலிருந்து வீடுவீடாகக் கணக்கெடுப்பைத் தொடங்குகிறோம்.